பெயரும் பட்டப்பெயரும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மகள் ஒரு தொங்குசெடியை வாங்கி வந்தாள். தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சில வாரங்களில் அதன் தண்டுகள் தொட்டியின் விளிம்பைக் கடந்து கீழிறங்கின. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'வாண்டரிங் ஜ்யூ' என்றிருந்தது.

"அலைந்து திரியும் யூதன் என்றல்லவா பொருள்! ஒரு செடிக்கு ஏன் வாப்பா இந்தப் பெயர்?" என்று கேட்டாள்.

விடை தெரியவில்லை. தேடத் தொடங்கினேன்.

இலையின் அடிப்புறம் ஊதா நிறம். மேற்புறத்தில் நடுநரம்பின் இருமருங்கும் வெள்ளிப் பட்டைகள். இவ்வடையாளங்களால் அது டிரடெஸ்கான்சியா ஸீப்ரினா எனத் தெளிந்தேன். மெக்ஸிகோ முதல் கொலம்பியா வரையுள்ள நிலமே அதன் தாயகம். 1753இல் லின்னேயஸ் தம் நூலில் ஏற்றுக்கொண்ட அந்தக் குலப்பெயர், டிரடெஸ்கன்ட் என்னும் ஆங்கிலத் தோட்டக்காரர்களான தந்தையையும் மகனையும் நினைவூட்டுவது. எங்கள் செடியிலோ வெள்ளிப் பட்டைகளோடு இளஞ்சிவப்பும் பால்வெண்மையும் கீற்றுகளாக, இலைக்கு இலை மாறிக் காணப்பட்டன. ஆகவே அது 'குவாட்ரிகலர்', அதாவது நான்கு நிறத்தது என்னும் வகை. தண்டைக் கிள்ளி நட்டே இவ்வகையைப் பெருக்குகின்றனர். இளஞ்சிவப்புக் கீற்றில்லாத கிளை தோன்றினால் உடனே நீக்க வேண்டும். விட்டுவைத்தால் அதுவே மேலோங்கிவிடும். பிறகு அந்தப் பெயர் அச்செடிக்குப் பொருந்தாது.

அரபு இலக்கணத்தில் இயற்பெயரை இஸ்மு என்றும் பட்டப்பெயரை லகபு என்றும் பிரித்துரைப்பர். லகபு புகழவும் செய்யும்; இகழவும் செய்யும். 'குவாட்ரிகலர்' புகழ்ச்சி. சீட்டில் இருந்ததோ இகழ்ச்சி.

அந்த இகழ்ச்சிக்குப் பின்னால் இடைக்கால ஐரோப்பாவின் கட்டுக்கதையொன்று இருக்கிறது. நபி ஈஸா (அலை) அவர்களைச் சிலுவைக்குக் கொண்டுசென்ற வழியில் ஒரு யூதன் ஏளனம் செய்தானாம்; அவர்கள் மீண்டும் வரும்வரை உலகெங்கும் அலையுமாறு சபிக்கப்பட்டானாம். 1602இல் ஜெர்மன் மொழியில் அச்சான சிறுநூலொன்று இக்கதையைப் பரப்பியது. ஜெர்மானியர் அக்கதைமாந்தனுக்கு வழங்கிய பெயரையே தலைப்பாக்கி, 1940இல் நாஜிகள் திரைப்படம் எடுத்து வெறுப்பை விதைத்தனர். அதன் விளைச்சலை உலகம் அறியும்.

நபி ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது நம் ஈமான். ஆகவே அக்கதைக்கு நம்மிடம் அடித்தளமே இல்லை. மேலும், ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது திருமறையின் கட்டளை. பட்டப்பெயர் சூட்டி இகழ்வதையும் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது. யூதர் என்பதற்காக இத்தடை தளர்ந்துவிடுமா?

மகளுக்கு இவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோதே என் நாவு தடுமாறியது. பல்லாண்டுகளுக்கு முன் என் மத்ரஸாவில் ஒரு சிறுவன் ஓதினான். தந்தையின் வியாபாரத்திற்காக ஊர் ஊராக மாறி வந்தவன். "வா நாடோடி!" என்று ஒருநாள் வேடிக்கையாக அழைத்தேன். மற்றப் பிள்ளைகள் அதைப் பற்றிக்கொண்டார்கள். அதன்பின் அவன் இயற்பெயரைச் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் விளக்கத்தை அதே ஆண்டில் ஓதிக்கொடுத்தவனும் நான்தான்! சில மாதங்களில் அக்குடும்பம் வேறூர் சென்றுவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய்க்கவில்லை.

சீட்டைக் கிழித்துவிட்டுச் சரியான பெயரை எழுதி ஒட்டினேன். தண்டு கேட்டு வருவோர்க்கு மகள் அப்பெயரையே சொல்லிக் கொடுக்கிறாள். செடிக்குரியதைத் திருப்பிக் கொடுப்பது எளிதாயிற்று. அந்தச் சிறுவனுக்குரியதை எங்கே சென்று கொடுப்பேன்? அவனுக்காக இறைவனிடம் கையேந்தும்போதெல்லாம் அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லியே கேட்கிறேன்.