புள்ளடி

எங்கட வீட்டுக் கார் ஒரு மாருதி 800. எங்கள் இரண்டு பேரையும் விட அதற்கு வயது கூட. அப்பா வாங்கும்போதே மூன்று கை மாறி வந்த கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படியான பழைய கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் புதுக் கார் என்ற கதையை எங்கட வீட்டில் ஒருத்தரும் எடுப்பதில்லை. இருக்கிறதை வைச்சு ஓட்டவேண்டியதுதான்.

ஓட்டினதும் அப்பா, திருத்தினதும் அப்பா. அவர் கராஜ்காரர் இல்லை, கடையில் கணக்கு எழுதினவர். ஆனால் தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணாலும் காணக் கிடையாது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர், மோட்டார்சைக்கிள் எல்லாம் அப்படிப் புகை கக்கிக்கொண்டு ஓடின. அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சாமான் பழுதாப் போனால் முதலில் கழட்டிப் பார்க்கத்தான் தோன்றும். எங்கட வீட்டு மோட்டர், ஃபான், தையல் மெஷின் எல்லாத்திலும் அப்பாவின்ர கை பட்டிருக்கு.

போன வருஷம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்து போச்சு. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்கத்தோடு சேர்ந்து பேச்சும் போகலாம் என்று டொக்ரர் சொன்னார். அப்பாவுக்குப் பேச்சு முழுக்கப் போகவில்லை. சொல் வரப் பிந்தும். சில நேரம் வேற சொல் வரும். தண்ணி வேணும் என்றால் "தாள்" என்பார். பிழை என்று அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பிழையான சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் பேசாமல் இருந்துவிடுவார்.

கார் எங்கட கைக்கு வந்தது அப்படித்தான். எங்களில் மூத்தவள் கலைப்பீடம், மூன்றாம் வருஷம். இளையவள் ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். மூத்தவள் லைசென்ஸ் எடுத்தாள். ஒவ்வொரு கிழமையும் அப்பாவைப் பெரியாஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குக் கொண்டுபோவது எங்கட வேலை.

கார் எப்ப பழுதானது என்று எங்களுக்குத் தெரியாது. சொக் அப்சோபர் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடுவோம். பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தும். குழியில் விழுந்து எழும்பினால் நாலு தரம் ஊஞ்சலாடும். முன்பக்கத்தில் "டொக் டொக்" என்று ஒரு சத்தம். பழைய கார் என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

ஒரு நாள் றோட்டுக்குக் குறுக்கே நாய் ஒன்று ஓடிவந்தது. மூத்தவள் பிறேக்கை மிதித்தாள். கார் முன்னுக்குக் குத்தி எழும்பின வேகத்தில் அப்பா முன்னால் போய் டாஷ்போட்டில் நெற்றியை அடித்துக்கொண்டார். பெல்ற் போடாதது எங்கட பிழை. ஆனால் வலது கை வேலை செய்திருந்தால் அவர் ஊன்றியிருப்பார். நெற்றியில் ஒரு சின்னப் புடைப்புத்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரைவிட்டு இறங்கி, பொல்லை மதிலில் சாத்திவிட்டு, இடது கையால் காரின் முன் மூலையை அமத்தி விட்டார். கார் ஆடியது. நிற்காமல் ஆடியது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

அதுதான் சோதனை. அமத்தி விட்டால் ஒருக்கா எழும்பி நிற்கவேணும். தொடர்ந்து ஆடினால் சொக் முடிஞ்சுது. ரயரைத் திருப்பி உள்ளே ரோச் அடித்துப் பார்த்தோம். சொக்கின் உடம்பெல்லாம் ஒயில் கசிந்து, அதன் மேல் செம்மண் தூசி ஒட்டி, களி பூசினமாதிரி இருந்தது.

இந்த இடத்தில் நாங்கள் படித்த கொஞ்சத்தையும் சொல்லவேணும். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். ஆனால் ஸ்பிறிங்கை மட்டும் விட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் சொக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்ரன் ஒயிலுக்குள் மேலும் கீழும் போகும். ஒயில் சின்னச் சின்னத் துவாரங்களால் நெருக்குப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிப் போய்விடும். முன்பக்கத்தில் ஸ்பிறிங்கும் சொக்கும் ஒன்றாகக் கோர்த்து ஒரே தூணாக இருக்கும். இதைத்தான் ஸ்ட்ரட் என்கிறார்கள். மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் கொண்டுவந்த அமைப்பு இது. சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுதான். ஸ்ரியரிங்கைத் திருப்பினால் இந்தத் தூணும் சேர்ந்து திரும்பும்.

ஒரு கராஜில் காட்டினோம். 48,000 என்றார்கள், மூன்று நாள் விட்டுவிட்டுப் போங்கோ என்றார்கள். பேசின ஆள் எங்களைப் பார்க்காமல், "வீட்டில ஆம்பிளையள் ஆரும் இருந்தா வரச்சொல்லுங்கோ, விளங்கப்படுத்தலாம்" என்றார். நாங்கள் வந்துவிட்டோம். கொழும்பில் இருக்கிற மச்சானுக்குச் சொல்லி, பஞ்சிகாவத்தையில் இரண்டு புதுச் சொக் 26,000க்கு வாங்கி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றாவிட்டால் கார் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மற்றப் பக்கம் வேற மாதிரியும் நடக்கும்.

அன்றிரவு அப்பா கொப்பியும் பேனையும் கேட்டார். இடது கையால், நடுங்கி நடுங்கி, ஸ்ட்ரட்டின் படம் ஒன்று கீறினார். கீழே இரண்டு போல்டுக்கு வட்டம். மேலே பொனட்டுக்குள் தெரிகிற சின்ன நட்டுகளுக்கும் வட்டம். அந்தச் சின்ன நட்டுகளுக்கு நடுவில் இருக்கிற பெரிய நட்டின் மேல் ஒரு புள்ளடி, இரண்டு தரம் அமத்திக் கீறியது. நாங்கள் தலையாட்டினோம். அவரும் தலையாட்டினார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் போல்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். அது அப்பாவின்ர பழைய வைத்தியம்.

சனிக்கிழமை விடிய வேலை தொடங்கியது. பின் ரயர்களுக்குக் கல் வைத்து, கார் நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளை இளக்கினோம். எங்கட முற்றம் செம்மண், ஜக் புதையும். அதனால் அடியில் தடிச்ச பலகை. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழ் கை வைக்கக்கூடாது. முட்டுக்குச் சீமெந்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனபோது அப்பா கதிரையில் இருந்து "ம்ஹூம்" என்றார். சீமெந்துக் கல் சொல்லாமல் வெடிக்கும். பொல்லால் கொட்டில் பக்கம் காட்டினார். அங்கே கிடந்த பனங்குத்திகளை உருட்டிவந்து முட்டுக் கொடுத்தோம். கழட்டின சில்லையும் காருக்குக் கீழே தள்ளிவிட்டோம். கார் விழுந்தாலும் அதில்தான் விழவேணும்.

வேலிக்கு மேலால் பெரியம்மா எட்டிப் பார்த்தா. "என்ன பிள்ளையள், உதுக்கெல்லாம் ஆம்பிளையள் இல்லையோ?"

"இருக்கிறார் பெரியம்மா. அந்தா கதிரையில, பாத்துக்கொண்டிருக்கிறார்."

அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணின சிரிப்பு. கன நாளைக்குப் பிறகு.

கீழ் போல்டுகள் லேசில் அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, இரண்டு பேரும் சேர்ந்து ஏறி மிதிக்கத்தான் "கிறீச்" என்று இளகியது. கழட்ட முதல் பழைய இருப்பிடத்தை நகப்பூச்சால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டோம். பிறேக் ஹோசைச் சொக்கில் இருந்து விடுவித்து, சில்லின் பாரம் ஹோசில் தொங்காமல் கயிற்றால் கட்டினோம். ஒருத்தி கீழே தூணைப் பிடிக்க, மற்றவள் மேல் நட்டுகளைக் கழட்டினாள். ஸ்ட்ரட் முழுதாக வெளியே வந்தது. ஒரு குழந்தையின் பாரம் இருக்கும். முற்றத்தில் நிமிர்த்தி வைத்துப் படம் எடுத்து வட்சப்பில் போட்டோம்.

பிறகு அப்பாவின் படத்தைப் பார்த்தோம். வட்டம் போட்டதெல்லாம் கழட்டியாச்சு. மிச்சம் இருப்பது புள்ளடி.

மூத்தவள் 2024இல்தான் முதன்முதல் வாக்குப் போட்டவள். செப்டெம்பரில் ஒருக்கா, நவம்பரில் ஒருக்கா. வாக்குச்சீட்டில் புள்ளடி என்றால் "இதுதான்" என்று அர்த்தம். ஆகவே நடு நட்டைக் கழட்டவேணும். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினோம். நட்டோடு சேர்ந்து கம்பியும் சுத்தியது. திரும்பத் திருப்பினோம், திரும்பவும் சுத்தியது. இளையவள் கம்பியைப் பிடிக்கக் குறடு எடுத்துவந்து குனிந்தாள். அவளின் முகம் நட்டுக்கு நேர் மேலே.

அப்பா கதிரையில் அரைவாசி எழும்பியிருந்தார். வாய் திறந்திருந்தது. "தா… தா…" என்று வந்தது. தண்ணி கேட்கிறார் என்று நினைத்தோம். "பொறுங்கோ அப்பா, இதை முடிச்சிட்டு வாறம்."

அப்ப பொல்லு பறந்து வந்தது. எங்கள் மேல் படவில்லை. பக்கத்தில் இருந்த தகர வாளியில் பட்டு, முற்றம் அதிரச் சத்தம். குசினிக்குள் இருந்து அம்மா ஓடிவந்தா. பொல்லில்லாமல் அப்பா கதிரையின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார், உடம்பு முழுக்க நடுக்கம். கண்ணில் தண்ணி.

"தொடாத" என்ற சொல் அவருக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் வந்தது.

காரில் இருந்து கழட்டி வைத்தாலும் ஸ்பிறிங் உள்ளே அமத்துப்பட்டபடிதான் இருக்கும். அதை மூடிப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டு. ஸ்பிறிங்கை ஆயுதம் போட்டு இறுக்கிப் பிடிக்காமல் நட்டைக் கழட்டினால் எல்லாம் ஒரேயடியாக மேலே வெடித்துப் பாயும். முகத்தில் பட்டால் முகம் இருக்காது. கம்பி சேர்ந்து சுத்தினதால் நாங்கள் தப்பினோம். அப்பா போட்ட புள்ளடி வாக்குச்சீட்டுப் புள்ளடி இல்லை. வாத்தியார் கொப்பியில் போடுகிற புள்ளடி. பிழை. வேண்டாம்.

அதுக்குப் பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை. இத்தனை மாதமாக அப்பாவுக்குச் சொல் வராதபோதெல்லாம் நாங்கள்தான் அவருக்காக முடித்து வைத்தோம். "தண்ணியா அப்பா? ஃபானா அப்பா?" என்று. அது உதவி என்று நினைத்தோம். அன்றைக்கும் "தா" என்றதும் தண்ணி என்று நாங்களே முடித்துவிட்டோம். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு தரமாவது பொறுத்தோமா என்று யோசித்துப் பார்த்தோம். பதில் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

மற்றப் பக்கத்தையும் கழட்டி, இரண்டு ஸ்ட்ரட்டையும் சாக்கில் சுற்றி, ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, சந்தியடியில் இருக்கிற சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு அண்ணா ஸ்பிறிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு, மாறி மாறித் திருகி, ஆறுதலாக இறுக்கினார். அதுக்குப் பிறகுதான் நடு நட்டில் கை வைத்தார். மேல் றப்பர் ஒன்று கிழிந்திருந்தது, அதையும் மாற்றச் சொன்னார். புதுச் சொக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் அமத்தி இழுத்துவிட்டுத்தான் கோர்த்தார். படுக்கையாக வந்த சொக்கில் காற்று நிற்கும், அது வெளியேற வேணுமாம். இரண்டுக்கும் கூலி 2,000.

"ஆர் கழட்டினது?"

"நாங்கள்தான் அண்ணா."

"கடைசி நட்டில கை வைக்காமல் கொண்டுவந்தியளே, கெட்டித்தனம்" என்றார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

திரும்பப் பூட்டுவது சுகம். மேல் நட்டுகளைக் கையால் பிடிக்கவிட்டு, கீழ் போல்டுகளை நகப்பூச்சுக் கோட்டுக்குச் சரியாக வைத்து இறுக்கி, ஹோசைப் பழைய இடத்தில் கொழுவி, சில்லைப் போட்டு, நிலத்தில் இறக்கின பிறகு எல்லாத்தையும் இன்னொருக்கா இறுக்கினோம். அப்பா ஒவ்வொரு நட்டுக்கும் விரல் காட்டி எண்ணினார். எண்கள் மட்டும் அவருக்குப் பிழைக்காமல் வரும், வரிசையாகச் சொன்னால். திங்கள் ரவுணில் அலைன்மென்ற் பார்த்தோம். சொக் மாற்றினால் அது கட்டாயம், இல்லாட்டி ரயர் ஒரு பக்கம் தேயும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக். அப்பா முன் சீற்றில், பெல்ற் போட்டு. எங்கட ஒழுங்கையில் இருக்கிற பெரிய குழிக்குக் கிட்ட வந்ததும் அவரின் இடது கை பழக்கத்தில் கதவுப் பிடியைத் தேடிப் போனது. கார் குழியில் இறங்கி, ஏறி, நின்றது. ஒருக்காத்தான். அப்பாவின் கை கொஞ்ச நேரம் பிடியிலேயே இருந்தது. பிறகு மடிக்கு வந்தது.

"பி…" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் வாயில் நாலைந்து சொல் வந்தது. பிசியோவா, பிறேக்கா, பிள்ளையா. ஒன்றையும் சொல்லாமல் இருந்தோம். கார் சந்தி தாண்டி, பெரிய றோட்டில் ஏறி, பள்ளிக்கூடத்தடிக்கு வந்துவிட்டது.

"பின்… பின்னுக்கும் ரெண்டு" என்றார் அப்பா. "மாத்தோணும்."

ஓம். பின் சொக் இரண்டும் மிச்சம் இருக்கு. கொப்பியில் புதுப் படம் ஒன்று கீறியிருக்கிறார். இந்த முறை எல்லாத்துக்கும் பக்கத்தில் "ஓம்", "இல்லை" என்று எழுதச் சொல்லியிருக்கிறோம்.