பிங் போகுது, பில் போகலை

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நெட்வொர்க் வேலையில் இருக்கிறான். "பூப்பாறை பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர்ல வேலை இருக்கு சார். சும்மாதானே இருக்கீங்க, வாங்க" என்றான். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் டீ குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டோரில் காயை உலர்த்தி, தரம் பிரித்து, எடை போட்டு மூட்டை கட்டுகிறார்கள். அந்தக் கணக்கும் பில்லும் ஏலத்துக்கு முன்னால் போடி ஆபீசுக்கு வந்தாக வேண்டும். ஸ்பைசஸ் போர்டு ஏலம் போடியிலும் புத்தடியிலும் கம்ப்யூட்டரில் நடக்கிற காலம் இது. மேலே ஸ்டோரும் கீழே ஆபீசும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல் இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கத்து சுவிட்சிலும் 'டனல்' போட வேண்டுமாம்.

"மலையைக் குடையணுமா தம்பி?" என்றேன்.

சிரித்தான். "இல்ல சார். கட்டின மூட்டையை இன்னொரு சாக்குக்குள்ள போட்டு, மேல வேற விலாசம் எழுதுற மாதிரி. வழியில இருக்கிறவன் வெளி விலாசத்தைப் பாத்து அனுப்பிருவான். அந்தப் பக்கம் போனதும் வெளிச்சாக்கைப் பிரிச்சிட்டா உள்ள நம்ம மூட்டை அப்படியே இருக்கும்."

இதற்கு ஜிஆர்இ என்று பெயர். சுவிட்சில் நான்கைந்து வரிதான் அடித்தான். டனலுக்கு ஒரு எண், அதற்கென்று ஒரு ஐபி முகவரி, எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேர்கிறது. பிறகு, ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் போக வேண்டியதெல்லாம் இந்த டனல் வழியாகப் போகட்டும் என்று ஒரு வரி. கீழே ஆபீசில் இருந்த பையன் போனில் கேட்டுக் கேட்டு அதையே திருப்பிப் போட்டான். இங்கே புறப்படும் இடம் அங்கே சேரும் இடம்.

பிங் அடித்தான். உடனே பதில் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கணக்குப்பிள்ளை ஸ்கேன் செய்த பில்லை அனுப்பினார். போகவில்லை. மறுபடி பிங். பதில் வருகிறது. மறுபடி பில். சுற்றிக்கொண்டே நிற்கிறது. பத்து தடவை இதே கதை.

அவன் பதறவில்லை. "பிங் நூறு பைட்டுக்குள்ள இருக்கிற சின்னப் பொட்டலம் சார். அது எப்படியும் போயிரும். பில்லு பெரிய பொட்டலமா வருது. பாதையில 1500 பைட்தான் போகும். வெளிச்சாக்கு 24 பைட்டை எடுத்துக்கும். மிச்சம் 1476. அதுக்கு மேல இருந்தா வழியில எவனோ கீழ போட்டுடறான். போட்டுட்டேன்னு நமக்குச் சொல்லவும் மாட்டேங்கிறான்" என்றான். 1476 அளவில் ஒரு பிங் அனுப்பினான், போனது. 1500 அளவில், பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினான், போகவில்லை. ஜிஆர்இ சாக்குக்குப் பூட்டு கிடையாது; ஐபிசெக் என்று தனியாகப் பூட்ட வேண்டும், அதற்கும் இடம் போகும் என்று கடைசியில் 1400 வைத்தான். பில் போனது.

பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னான்: "சின்னதா கேட்டு பதில் வந்தா, எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடக் கூடாது சார்."

எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்திவிட்டு "புரியுதா?" என்று கேட்பேன். "புரியுது சார்" என்று இவனும் சொல்வான். பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுத்தான். பொய் சொன்னான் என்று இரண்டு நாள் வெளியே நிற்க வைத்தேன். அவன் அப்பா அம்மா விடியும் முன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். வீட்டில் கேட்டுப் படிக்க ஆளில்லை.

இறங்கி வரும்போது கேட்டேன். "அன்னிக்கு உனக்குப் புரிஞ்சுதாடா?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். "இல்ல சார். திருப்பிக் கேட்டா திட்டுவீங்கன்னு..." அதற்கு மேல் சொல்லவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் 'புரியுதா' என்று பிங் அடித்தே பாடம் நடத்தியிருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். என்ன வழியில் விழுந்தது என்று பார்க்கவே இல்லை.

அவனிடம் வண்டியிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, விடுங்க சார்" என்றான். வெளியே நின்ற மற்ற பிள்ளைகளிடம் இங்கே கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், தாய் தகப்பன்கள். பிள்ளையிடம் "புரியுதா" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். "நீ எனக்குச் சொல்லிக் கொடு" என்று சொல்லி, அது பேசி முடிக்கும் வரை காத்திருங்கள். விழுந்தது எது என்று அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார், போடி.