விலை பெட்டிக்கல்ல, கைக்கு

பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை வாங்கிப் போட்டால் பாதி வீடு கட்டியாகிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இறால் பண்ணைக் காவலுக்கோ, தூண்டில் போடப் போகும் இடத்தில் இரவு தங்குவதற்கோ ஓர் அறை தேடுகிறவர்களிடம் அது இன்னும் அதிகம். வடசென்னையில் மணலி, மாதவரம் பக்கத்துப் பட்டறைகளில் நடக்கும் வேலையைக் கவனித்தால் இந்தக் கணக்கு தலைகீழ் என்று புரிகிறது. பெட்டி வெறும் கச்சாப் பொருள். அதை வெட்டும்போது போய்விடுகிற பலத்தைத் திருப்பிக் கொடுக்கும் உழைப்புதான் அறையாகிறது என்பது என் வாதம்.

பெட்டியின் பலம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். இருபது அடிப் பெட்டி வெறுமையாகவே ஏறக்குறைய இரண்டே கால் டன். கதவில் அடித்திருக்கும் பாதுகாப்புத் தகட்டில் மொத்த எடை 30,480 கிலோ என்று பொறித்திருப்பதைப் பல பெட்டிகளில் காணலாம். அந்தப் பாரம் அடுக்கும்போது இறங்குவது நான்கு மூலைத் தூண்கள் வழியாகத்தான். நெளிநெளியான பக்கத் தகடு இரண்டு மில்லிமீட்டர் கனம்கூடத் தாண்டாது. ஆனால் தூண்கள் சாயாமலும் மேல்விட்டம் தொய்யாமலும் இழுத்துப் பிடிப்பது அதுதான். ஜன்னலுக்கு நாலடி வெட்டினாலே அந்தப் பிடி தளரும். ஒரு பக்கத்தை முழுக்கத் திறந்தால் கூரை நடுவில் இறங்கும்.

அதனால்தான் கைதேர்ந்த மேஸ்திரி கட்டிங் வீலை உடனே எடுப்பதில்லை. மூலைக்கு மூலை டேப் பிடித்து, பெட்டி கோணியிருக்கிறதா என்று பார்க்கிறார். உள்பக்கம் ஸ்கொயர் பைப்பில் சட்டம் அடித்து நிறுத்திய பிறகே தகட்டில் கை வைக்கிறார். வெல்டிங்கை ஒரே இழுப்பில் ஓட்டினால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். ஆகவே இங்கே ஒரு பொட்டு, எதிர்மூலையில் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைக்கிறார். சட்டம் நேர்கோடு, தகடு நெளிவு. ஒவ்வொரு நெளிவிலும் விழும் இடைவெளிக்கு ஹெல்பர் தனித்தனித் துண்டு வெட்டிப் பொருத்தவேண்டும். மழைநீர் நுழைவது அங்கேதான் என்பதால் அறையின் ஆயுளே அந்தத் துண்டுகளில் இருக்கிறது. பெட்டியை வீடாக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1989-இலேயே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் வேறு இடத்தில் அடிபட்டு, வேறு இடத்தில் துருப்பிடித்து வருகிறது; எந்த முறையும் கையின் தீர்ப்பை மிச்சப்படுத்தவில்லை.

இந்த உழைப்புக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. துத்தநாகம் கலந்த பூச்சின்மேல் கேஸ் கட்டிங் போட்டால் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். தரையில் உள்ள 28 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பது வழக்கம். அதை அறுக்கும் தூசும் நல்லதல்ல. பூச்சைச் சுரண்டிவிட்டு வெட்டுவதும், சரியான முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். சல்லிசாக முடித்துக்கொடுங்கள் என்று கேட்டால் முதலில் கழிபவை இவைதான்.

இவ்வளவு பாடு எதற்கு, சாண்ட்விச் பேனலில் அறை போட்டால் சூடும் குறைவு, வேலையும் குறைவுதானே என்று கேட்கலாம். வீட்டுமனையில் நிரந்தரமாக நிற்கப்போகும் அறைக்கு அது நியாயமான கேள்வி. அங்கே பெட்டியைவிடப் பேனலோ செங்கலோ மேல். வெயிலில் காயும் இரும்புக்குள் ராக் உல்லோ ஃபோமோ வைக்காமல் யாரும் படுக்க முடியாது. வைத்தாலும் இடைவெளி விட்டால் குளிர்ந்த இரவில் தகட்டின் உள்பக்கம் நீர் கோத்து, வெளியே தெரியாமலே துரு அரிக்கும். ஆனால் குத்தகை முடிந்ததும் இடம் பெயரவேண்டிய பண்ணைக்கும், ஆளில்லாத மாதங்களில் பூட்டிவிட்டுப் போகவேண்டிய கரைக்கும் பெட்டி பொருந்துகிறது. கிரேன் தூக்குவதற்கென்றே அதன் மூலைகள் செய்யப்பட்டவை. டிரெய்லரில் ஏற்றினால் அறை அப்படியே கிளம்பும். புயல் வரும் கரையில் அதே மூலைகளைக் கான்கிரீட்டோடு பிணைக்கவும் வேண்டும். இரும்பு என்பதற்காகக் காற்று விட்டுவைக்காது.

பிணைப்பு, சட்டம், வெப்பத்தடுப்பு எல்லாம் கூலியோடு சேர்ந்தால் செலவு எகிறுகிறதே என்பது அடுத்த முறையீடு. உண்மைதான். பெட்டி மலிவாகக் கிடைத்ததால் அறையும் மலிவாக வேண்டும் என்று நினைப்பதுதான் தவறு. மதிப்பீட்டுச் சீட்டில் பெட்டிக்கு ஒரு வரி, வெல்டிங் வேலைக்கு ஒரு வரி, பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஒரு வரி என்று பிரித்து எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்கவேண்டும். பேரம் பேசுவதென்றால் முதல் வரியில் பேசலாம். மற்ற இரண்டில் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கூரைக்கோ, தொழிலாளியின் நுரையீரலுக்கோ கடனாகப் போய்ச் சேரும்.