தேங்காய் உடைந்ததும் திரை ஏன் திணறுகிறது?

வானொலிக்கு நேயர் ஒருவர் அழைத்து, “உங்க நிகழ்ச்சி விட்டு விட்டுக் கேக்குது” என்றால், நாங்கள் உடனே மைக்கை மாற்றிவிட மாட்டோம். ஒலி மைக்கிலிருந்து கிளம்பி, மிக்சரைக் கடந்து, ஒலிபரப்புக் கோபுரம் வழியாக அவருடைய காருக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனையோ கட்டங்கள். எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பார் எங்கள் பொறியாளர். கணினி விளையாட்டு உருவாக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் இந்தப் பொறுமை பணத்தை மிச்சப்படுத்தும். எங்கள் வீட்டில் மிச்சப்படுத்தியது.

என் தம்பி ஓராண்டாக ஒரு விளையாட்டை உருவாக்கி வருகிறான். தைப்பூசத்துக்கு முதல் நாள் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலைக்கு ரதம் புறப்படும்போது சாலையில் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்போமே, அதுதான் களம். முதல் இருபது தேங்காய் வரை ஆட்டம் சீராக ஓடும். சில நூறைத் தாண்டியதும் திரை இழுத்து இழுத்து நகரும். ரதம் நின்று நின்று போகும்.

கைக்கு வந்த நல்ல வேலையை அவன் வேண்டாம் என்றதிலிருந்து, அப்பாவும் அவனும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. இந்த நிலையில்தான், “புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் சரியாகும்னு கடையில சொல்றாங்க அக்கா. 2,800 ரிங்கிட் ஆகும்” என்று என்னிடம் வந்தான். பக்கத்து அறையிலிருந்த அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது.

1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. அதையொட்டிப் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் ஒன்றில், சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் 27 ஆண்டு வேலை பார்த்தவர் அப்பா. விளையாட்டு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கேட்டது ஒன்றுதான்.

“எங்க நேரம் போகுதுன்னு அளந்து பார்த்தியா?”

“கார்டு பழசுப்பா.”

“அது பதில் இல்ல. அளந்தியா?”

அன்றிரவு அளந்தான். திரையில் அசைவு சீராகத் தெரிய விநாடிக்கு 60 படங்கள் வர வேண்டும். அப்படியானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடிதான். முதலில் படத்தின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தான். வேகம் மாறவில்லை. அப்போதே புள்ளிகளை நிரப்பும் வேலை குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் புரொஃபைலரைத் திறந்தான். ஒரு படத்துக்கு 70 மில்லி விநாடி. அதில் கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்தது 10 மில்லி விநாடிகூட இல்லை. மீதி நேரம் சும்மா காத்திருந்தது. திணறியது சிபியு.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு என்பது பரிமாறுகிற ஆள்கள். சிபியு, கட்டளை தருகிற மேற்பார்வையாளர். அவர் ஒவ்வோர் இலையாகப் போய், “இந்த இலைக்கு ஒரு வடை, அந்த இலைக்கு ஒரு வடை” என்று சொல்லிக்கொண்டிருந்தால், வாளியோடு நிற்பவர்கள் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள். இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தாலும் பந்தி வேகமாகாது. தம்பியின் விளையாட்டில் ஒவ்வொரு தேங்காய்த் துண்டுக்கும் தனித்தனிக் கட்டளை போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு, உருண்டு ஓய்ந்த துண்டுகளும் இன்னும் உருளுமா என்று சிபியு கணக்குப் போட்டபடியே இருந்தது.

“இந்த வரிசை முழுக்க வடை” என்று ஒரே குரலில் சொல்வதுபோல, ஒரே மாதிரித் துண்டுகளை ஒரே கட்டளையில் வரையும் வசதிக்கு இன்ஸ்டன்சிங் என்று பெயர். அதற்கு மாற்றினான். ஓய்ந்த துண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்கினான். 70 மில்லி விநாடி 15 ஆனது, அதே பழைய கார்டில்.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பியதில்லை. ஃபின்லாந்தின் கொலோசல் ஆர்டர் உருவாக்கி 2023 அக்டோபரில் வெளியான ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’, விலையுயர்ந்த கணினிகளையும் திணற வைத்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது, ஊரை மேலிருந்து பார்க்கிற அந்த விளையாட்டில் எறும்பளவு தெரியும் மனிதர்களின் வாய்க்குள் பற்கள்கூடத் தனித்தனியாக வடிக்கப்பட்டிருந்தன! தொலைவில் இருப்பவற்றுக்கு எளிய உருவத்தைக் காட்டும் ஏற்பாடு மனித உருவங்களுக்கு இன்னும் செய்யப்படவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எல்லா நேரமும் கார்டு நிரபராதி என்று சொல்ல வரவில்லை. பிறகு தம்பி சாம்பிராணிப் புகையைச் சேர்த்ததும் திரை மறுபடி இழுத்தது. இந்த முறை ரெசல்யூஷனைக் குறைத்ததும் வேகம் கூடியது. ஒளி ஊடுருவும் புகைப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால், ஒரே புள்ளியைக் கார்டு பலமுறை பூசிக்கொண்டிருந்தது. படலங்களைக் குறைத்ததும் சரியாயிற்று. நோய் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து வேறு.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது, “இன்னிக்கு எத்தனை மில்லி செகண்ட்?” என்று அப்பா கேட்கிறார். இது ஒரு பிழைப்பாகுமா என்ற சந்தேகம் அவருக்குத் தீரவில்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட ‘வெண்பா’ விளையாட்டு, 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது என்று நான் சொன்னேன். “அதையும் அளந்துதான் செஞ்சிருப்பாங்க” என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் புதுக் கார்டு கேட்டால், கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தால் வேகம் கூடுகிறதா? ஒரு படத்துக்கு எத்தனை மில்லி விநாடி, அதில் காத்திருப்பது சிபியுவா, கார்டா? மடிக்கணினி என்றால், நம் ஊர் வெக்கையில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதா, மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகும் கார்டு தேவைப்பட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.