பொருளின் முகம் காணும் கருவிகள்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பர் நம் முன்னோர். பொருளறிவியலிலோ முகம் வேறு, அகம் வேறு. சிலிக்கன் தகட்டின் அகம் தூய சிலிக்கன். அதன் முகமோ காற்றுப்பட்டவுடன் ஆக்சைடுப் போர்வையைப் போர்த்துக்கொள்கிறது. துருவேறுவதும், பூச்சு உரிவதும், திண்ம வினையூக்கி தொழிற்படுவதும் முகத்தில்தான் தொடங்குகின்றன. ஆதலின், பொருள்களை ஆராயும் கல்விக்கூடம் மேற்பரப்பைக் காணும் கருவிகளை நாடுவது இயல்பே.

அவற்றுள் தலையாயது எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலைமானி. ஸ்வீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் இம்முறையை வளர்த்தெடுத்த கய் சீக்பான் 1981ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எக்ஸ் கதிர் பட்ட பொருளினின்று வெளிப்படும் எலக்ட்ரான்களுள், ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆழத்திற்குட்பட்டவையே ஆற்றல் குன்றாது தப்பி வருகின்றன. அவற்றை அளந்தால் தனிமமும் அதன் வேதிநிலையும் புலனாகும். தனிச் சிலிக்கனின் முகடு சுமார் 99 எலக்ட்ரான் வோல்ட்டில் தோன்றும். ஆக்சைடாகிய சிலிக்கனின் முகடோ சுமார் 103இல் தோன்றும்.

கோடிக்கணக்கில் பொருள் தேடி இக்கருவியை வாங்கிவிடலாம், வாழவைப்பதே அரிது. டார் அளவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்திலும், ஏறத்தாழ ஒரு நொடியில் வாயு மூலக்கூறுகள் தூய மேற்பரப்பை மூடிவிடக்கூடும். எனவே அதனினும் ஆயிரம் மடங்கு குறைந்த அழுத்தம் வேண்டும். எக்கிகள் இரவும் பகலும் இயங்க வேண்டும், மின்சாரம் தடைபடலாகாது, பயின்ற பணியாளர் உடனிருத்தல் வேண்டும்.

நம் பெரியோர் பள்ளிவாசல் எழுப்பியபோது கட்டடத்தோடு நின்றாரல்லர். விளக்கெண்ணெய்க்கும் ஊழியர்க்கும் நிலபுலன்களை வக்ஃபு செய்து, அவற்றைக் காக்க முத்தவல்லியையும் அமர்த்தினர். அந்த முன்யோசனையே கருவிக்கும் வேண்டும். பராமரிப்புக்கு நிதி ஒதுக்காத கொடை, எண்ணெய் இல்லா விளக்கேயாகும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃபிஸ்ட்’ திட்டம் பல துறைகளுக்குக் கருவிகள் வாங்க உதவியுள்ளது. அத்தகு உதவியோடு அண்டைக் கல்லூரிகளும் கைகோத்தால் சுமை குறையும், பயனும் பெருகும்.

கருவி வந்தபின் அதனைப் பூட்டிவைத்தலும் தகாது. மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, வந்த வரைபடத்தை ஆய்வேட்டில் சேர்த்துவிட்டுப் பட்டம் பெறும் மாணவர்களை நாம் காண்கிறோம். குறை அவர்களுடையதன்று, கருவியைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. காற்றுப்பட்ட மாதிரிகளில் பெரும்பாலும் கார்பனின் முகடு தென்படும். அது மாதிரிக்கு உரியதா, காற்று தந்த மாசா? தன் கையால் மாதிரியை உள்ளே வைத்த மாணவனுக்கே அந்த ஐயம் எளிதில் எழும்.

ஐயமே அறிவின் வாயில். 11ஆம் நூற்றாண்டின் அறிஞர் இப்னுல் ஹைஸம், பேரறிஞர் தாலமியின் கருத்துகள் மீது தமக்கெழுந்த ஐயங்களையே தனி நூலாக யாத்தார். அவ்வழி வந்த நம் மாணவ மாணவியர் பிறர் தந்த வரைபடத்தை நம்பி நிற்பதோடு அமையாது, தாமே அளந்தறிய வேண்டும். அதற்குரிய கருவியையும் அதனைக் காக்கும் மனத்தையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!