ரிலீஸ் கழண்டுச்சு, ஆனா கைட் அடங்கல

1/ கைட்சர்ஃபிங் பத்தி ஒரு கவர்மெண்ட் டாக்டர் எதுக்கு இழை போடுறார்னு கேக்கலாம். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. ஒரு பலகை மேல நின்னுக்கிட்டு, பெரிய பட்டம் இழுக்க இழுக்க கடல்ல போற விளையாட்டு. லீவு கிடைச்சா நானும் போவேன். இந்த இழை அந்தப் பட்டத்தைக் கட்டுப்படுத்துற 'பார்' பத்தி, அதை வீட்டுல உக்காந்து நாமளே மாத்துறது பத்தி. பட்டமே விடாதவங்களும் படிங்க. உங்க வீட்டு ஃபியூஸும் இதுல வருது.

2/ முதல்ல அமைப்பு. பார்ங்கிறது சுமார் அரை மீட்டர் நீளக் கம்பி. அதுல இருந்து கைட்டுக்கு நாலு லைன், ஒவ்வொண்ணும் 20-25 மீட்டர். ஓரத்துல இருக்கிற ரெண்டும் திருப்புறதுக்கு. நடுவுல இருக்கிற ரெண்டும் பாரோட ஓட்டை வழியா வந்து, இடுப்புல கட்டியிருக்கிற ஹார்னஸ்ல ஒரு வளையத்துல மாட்டும். இழுவை முழுக்க அந்த வளையத்துலதான். பாரை நம்ம பக்கம் இழுத்தா வேகம் கூடும், தள்ளினா குறையும்.

3/ காத்து கொஞ்சம் கூடினா இழுவை கொஞ்சம்தான் கூடும்னு நினைக்காதீங்க. அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 15 நாட் காத்து 20 நாட் ஆனா, இழுக்கிற விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதனாலதான் வளையத்துக்கு மேல 'குயிக் ரிலீஸ்'னு ஒண்ணு வச்சிருக்காங்க. அதைத் தள்ளினா வளையம் திறந்துக்கும். பார் நம்மளை விட்டு ஒரு நடு லைன் மேலயே வழுக்கிக்கிட்டுப் போகும். கைட் அந்த ஒரே லைன்ல தொங்கி, கொடியில காயுற வேட்டி மாதிரி படபடன்னு அடிச்சுக்கிட்டு பலமில்லாம விழும். அந்த லைனோட நம்மளை இணைக்கிறது லீஷ்ங்கிற கயிறு.

4/ இதை ஏன் வீட்டுல மாத்துறாங்க? காசுதான். புது பார் வெளிநாட்டுல இருந்து வரணும். நம்ம ஊர் பையன் ஒருத்தனோட பல மாசச் சம்பளம் அது. பக்கத்துல கடையும் கிடையாது. உப்பும் மணலும் வெயிலும் எல்லாத்தையும் தின்னுடும். அதனால யூடியூப் பார்த்து வெட்டி, ஒட்டி, முடிச்சுப் போட்டுக்கிறாங்க. நான் இதைக் குறை சொல்ல வரல. என் பார்லயே கைப்பிடி ரப்பர், மிதவை, நுனியில இருக்கிற சின்னக் கயிறுங்க எல்லாம் நானே மாத்தினதுதான்.

5/ இப்ப விஷயம். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தம்பி கேஷுவாலிட்டிக்கு வந்தார். அவர் சம்மதத்தோட எழுதுறேன். பேரும் ஊரும் வேண்டாம். மீனவர் வீட்டுப் பையன், கைட் கத்துக் கொடுக்கிற இடத்துல வேலை. வலது கை மோதிர விரல்ல லைன் சுத்தி இறுகி, மேல் கணுவுல தோலும் சதையும் உரிஞ்சு வந்திருந்தது. ரத்தக்குழாயும் போயிருந்தது. வலியில கத்தல. ஒண்ணே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சார், நான் ரிலீஸைத் தள்ளினேன் சார். கழண்டுச்சு. ஆனா கைட் அடங்கல சார்."

6/ மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். கையைக் காப்பாத்திட்டாங்க. அந்த விரலோட நுனிக் கணுவை எடுக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு டிரஸ்ஸிங்குக்கு அப்பாவோட வந்தார். "தம்பி, அந்த பாரை ஒரு தடவை கொண்டுவாங்களேன்"னு கேட்டேன். அவர் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு மண்டையிலயே இருந்தது.

7/ கொண்டுவந்தார். ரிலீஸ் சுத்தமா இருந்தது, நல்லாவே வேலை செஞ்சது. விஷயம் வேற இடத்துல. நடு லைன் ஒண்ணு முன்னாடி எப்பவோ அறுந்திருக்கு. அதை முடிச்சுப் போட்டு இணைச்சு, இன்னொரு நடு லைனையும் அதே நீளத்துக்குக் குறைச்சு, ஓர லைன் ரெண்டையும் சரிபண்ணியிருக்கார். கைட் நேராப் பறந்திருக்கு. ஒரு மாசம் எந்தக் குறையும் இல்ல. ஆனா அந்த முடிச்சு இருந்தது பார்ல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி. ரிலீஸ் ஆனா பார் வழுக்கிப் போக வேண்டிய அதே லைன்ல.

8/ புரியுதா? ரிலீஸ் திறந்தது, பார் ஓடினது, முடிச்சு பாரோட ஓட்டைக்குள்ள நுழையாம அங்கேயே நின்னுடுச்சு. கைட் முழுசா அடங்கணும்னா பார் குறைஞ்சது கைட்டோட அகலம் அளவுக்காவது ஓடணும். ரெண்டு மீட்டர் எந்த மூலைக்கு? பாதி உயிரோட இருந்த கைட் அவரை இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. அவர் கையாலயே லைனைப் பிடிச்சு இழுக்கப் பார்த்திருக்கார். இழுவையில இருக்கிற லைன் கையில சுத்தினா அதோட முடிஞ்சது.

9/ "லீஷ்லயும் கடைசியா ஒரு ரிலீஸ் இருக்கே, அதைத் தள்ளியிருந்தா கைட் மொத்தமா போயிருக்குமே தம்பி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "போயிருக்கும் சார். கைட் என்னோடது இல்லையே"ன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

10/ அவங்க அப்பா அந்த முடிச்சை விரலால தடவிப் பார்த்தார். முப்பது வருஷமா கடலுக்குப் போறவர். "நல்ல முடிச்சுதான் டாக்டர். நான்தான் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. வலைக்கு இது போதும்"னார். முடிச்சுல குத்தமே இல்ல. வலையில முடிச்சு எதையும் தாண்டி ஓட வேண்டியதில்ல, அவ்வளவுதான். இன்னொண்ணும் இருக்கு: இந்த லைன் நைலான் இல்ல, டைனீமா மாதிரி வழுவழுன்னு இருக்கிற பாலிஎத்திலீன் இழை. முடிச்சு போட்டா அந்த இடத்துல பலம் ஏறக்குறைய பாதியாக் குறையும்.

11/ நம்ம வீடுகள்ல ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிமனான கம்பியைச் சுத்தி வைப்போமே, ஞாபகம் இருக்கா? அப்புறம் ஃபியூஸ் போகவே போகாது, லைட் ஜம்முனு எரியும். எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். ஷார்ட் சர்க்யூட் ஆகுற அன்னைக்குத்தான் வயர் எரியும். பாதுகாப்புக்குன்னு வச்ச பொருளோட குணமே இதுதான். சாதாரண நாள்ல அது இருக்கா இல்லையான்னே தெரியாது. அதனால "மாத்தினேன், நல்லா ஓடுது"ங்கிறது அதுக்குச் சான்று ஆகாது. ஒரு மாசம் நல்லாப் பறந்த கைட்டும் அப்படித்தான்.

12/ ஐசியூல மானிட்டர் அடிக்கடி கத்துதுன்னு அலாரத்தை அமத்தி வைக்கிற பழக்கமும் இதே கதைதான். தொந்தரவு போயிடும். நோயாளிக்கு ஆக்ஸிஜன் குறையுறப்ப சொல்ல ஆள் இருக்காது. எதையாவது மாத்துறதுக்கு முன்னாடி "இது எதுக்கு இருக்கு"ன்னு கேட்டாப் பத்தாது. "எந்த நாளுக்காக இருக்கு"ன்னு கேக்கணும்.

13/ கைட் பண்றவங்களுக்கு, நான் கடைப்பிடிக்கிறது:
• ரப்பர், மிதவை, நுனிக் கயிறு: வீட்டுல மாத்தலாம். கயிறை ஜோடியா மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு வேண்டாம்.
• அறுந்த லைனை முடிச்சுப் போட்டு ஓட்டாதீங்க. லைனையே மாத்துங்க.
• ரிலீஸ், வளையம், லீஷ்: கை வைக்காதீங்க. 2020-ல ஐஎஸ்ஓ 21853ன்னு இந்த ரிலீஸுக்குன்னே ஒரு சர்வதேசத் தரநிலை வந்திருக்கு. வீட்டுக் கயிறை யாரும் அப்படிச் சோதிக்கல.
• எதை மாத்தினாலும், கரையிலயே வளையத்தை ஒரு தூண்ல மாட்டி, உடம்பு பாரம் முழுக்கக் கொடுத்து ரிலீஸைத் தள்ளிப் பாருங்க. அப்புறம் பார் அந்த லைன்ல கடைசி வரைக்கும் தடங்கல் இல்லாம ஓடுதான்னு கையால ஓட்டிப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.
• ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவுங்க. மணல் சேர்ந்தா ரிலீஸ் இறுகிடும்.

14/ கயிறோ மெஷினோ மாஞ்சாவோ, எதுல விரல் மாட்டினாலும்: சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு கையை உயர்த்தி வைங்க. மோதிரத்தை உடனே கழட்டுங்க, வீங்கினா வராது. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். விரல் துண்டாகியிருந்தா லேசா அலசி, ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. விரல் மேல ஐஸ் நேராப் படக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்க. சில மணி நேரத்துக்குள்ள வந்தா திரும்பச் சேர்க்க வாய்ப்பு இருக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு.

15/ கடைசியா, கைட் வாடகைக்கு விடுறவங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்ககிட்ட வேலை பார்க்கிற பையன்கிட்ட இன்னைக்கே ஒரு வாக்கியம் சொல்லிடுங்க: "கைட் போனாப் போகட்டும், லீஷைக் கழட்டி விட்டுடு." உங்க வாயால அதைக் கேட்டிருந்தாத்தான் அவன் கை அங்க போகும்.