தோள்பட்டை வலி

2011-ல் நடந்தது. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் வந்த புதிது. திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓட, பிரேக் பிடித்த என் வகுப்பு மாணவி விழுந்துவிட்டாள். ஹேண்டில்பார் முனை அடிவயிற்றில் குத்தியது. வெளியே முழங்கால் சிராய்ப்புதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரவு எட்டு மணிக்கு அவள் அம்மா என் வீட்டுக்கு ஓடி வந்தார். பக்கத்துத் தெருதான். "பிள்ளை சுருண்டு கெடக்கு டீச்சர். நாள் கிட்ட வருதுல்ல, அதுவா இருக்கும்னு சோடா வாங்கிக் குடுத்தேன்."

போய்ப் பார்த்தேன். அப்பாவும் அண்ணனும் அங்கேயே நின்றார்கள். எங்கே வலிக்குது என்றால் "வயிறு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆண்களை வெளியே அனுப்பிய பிறகுதான் அடிவயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "படுத்தா தோள்பட்டையும் வலிக்குது டீச்சர்." தோளில் அடி எதுவும் இல்லை. எனக்குப் புரியவில்லை. ஆனால் முகம் வெளுத்து, கை சில்லிட்டு வியர்த்திருந்தது. 108-ஐக் கூப்பிட்டோம்.

பெரியாஸ்பத்திரியில் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "எம் பிள்ளையப் பாத்து என்ன கேக்குறீங்க?" அந்த லேடி டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "உங்க பொண்ணுக்குன்னு இல்லம்மா, இந்த வலியோட யார் வந்தாலும் பார்ப்போம். கரு குழாயில் தங்கி வெடிச்சாலும் இப்படித்தான் உள்ளே ரத்தம் கொட்டும்."

ஸ்கேனில் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தது. சினைப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருப்பதால் அடிபடுவது அபூர்வமாம். இவளுக்கு அதில் ஏற்கெனவே நீர்க்கட்டி இருந்து வீங்கியிருந்ததால் அடி பட்டதும் கிழிந்துவிட்டது. கசிந்த ரத்தம் மேலேறி உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும். அங்கே போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்றார் டாக்டர்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, இரவோடு இரவாக அறுவை சிகிச்சை. கட்டியை நீக்கி, கிழிசலைத் தைத்து, சினைப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உறுத்தியது வேறு. சினைப்பைக்குப் பாடப்புத்தகத்தில் 'அண்டகம்' என்று பெயர். பத்தாம் வகுப்பில் இவளுக்கு அறிவியல் எடுத்தவள் நான். அந்தப் பாடம் வந்தபோது "வீட்டுல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் தள்ளியவளும் நான்தான். அவள் வாயில் பெயர் வராததற்கு அவளை என்ன சொல்ல?

பின்னாளில் ஜேன் கிராஃபோர்ட் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். அவரையும் முதலில் கர்ப்பம் என்றுதான் நினைத்தார்கள். சினைப்பையில் பத்து கிலோ கட்டி. அதோடு கென்டக்கியில் அறுபது மைல் குதிரையில் போனார். சேணத்தின் கொம்பில் கட்டி உரசி வயிற்றுப்பக்கம் கன்றியே போயிருந்ததாம். 1809 டிசம்பரில், மயக்க மருந்தில்லாத காலத்தில், எஃப்ராயிம் மெக்டவல் அறுத்தெடுத்தார். ஐந்தாம் நாள் அந்த அம்மாள் எழுந்து தன் படுக்கையைத் தானே சரிசெய்தாராம்!

நம் பிள்ளைக்கு வலி தீர்ந்த பிறகும் பேச்சு தீரவில்லை. "ஒரு பக்கம் போயிருச்சாமே, யாரு கட்டுவா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். எதுவும் போகவில்லை. ஒன்றை எடுத்திருந்தாலுமே மற்றது போதும், மாதவிலக்கும் வரும், பிள்ளையும் பிறக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியிலும் மறு வருடத்திலிருந்து அந்தப் பாடத்தைத் தள்ளவில்லை. முதல் நாள் எனக்கே நாக்கு குழறியது.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடமே கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர்," என்றாள். "தோள்பட்டை வலிச்சத மறக்காம எழுதுங்க."